ரிசர்வில் ஒரு பெயர்

ஏப்ரல் 28, ஞாயிறு

தம்பி லூர்துராஜும் அவன் மகள் ஜெனிட்டாவும் காலை ரயிலில் சென்னையிலிருந்து வந்து சேர்ந்தார்கள். இருவருக்கும் முகம் கறுத்துப்போயிருக்கிறது. நேற்று முழுவதும் வெயிலில் நிற்க வைத்திருக்கிறார்கள். பிளஸ் டூ முடித்த பெண்களை விளையாட்டு ஒதுக்கீட்டில் கல்லூரிக்கு எடுக்கும் தேர்வு அது. வாலிபாலுக்கு மட்டும் மாநிலம் முழுவதிலுமிருந்து வந்திருந்தார்களாம். ஜெனிட்டாவைப் பந்தை உயர்த்திக் கொடுக்கச் சொல்லிப் பார்த்தார்கள், ஓரமாக உட்காரச் சொன்னார்கள், மறுபடியும் கூப்பிட்டார்கள். முடிவைத் தொலைபேசியில் சொல்வார்களாம். நன்றாக ஆடினாயா என்று கேட்டேன். "ஆடினேன் அத்தை" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போய்விட்டாள்.

அந்தக் கல்லூரியை எனக்குத் தெரியும். 1971இல் அப்பாவோடு ஒரு திருமணத்துக்குச் சென்னை போனபோது அதன் வாசலில் நின்று பார்த்திருக்கிறேன். உள்ளே பெரிய மரங்கள். ஒரு கன்னியாஸ்திரி மதர் குடை பிடித்துக்கொண்டு போனார். அம்மாவுக்கு அப்போது லூர்துராஜ் வயிற்றில்; என் படிப்பு பள்ளியோடு நின்றது. அது இங்கே எழுத வேண்டிய விஷயம் இல்லை.

தம்பி மனைவி ரெஜினா ரசத்தில் உப்புப் போட மறந்துவிட்டாள். சொன்னேன்.

மே 6, திங்கள்

தேர்வு முடிவு வந்தது. ஜெனிட்டா தேறிவிட்டாள். ஆங்கிலத்தில் எழுபத்தெட்டு. மீதி இருபத்திரண்டை வாலிபால் தின்றுவிட்டது என்றேன். லூர்துராஜ் சிரித்தான். ரெஜினா சிரிக்கவில்லை.

ரத்த அழுத்த மாத்திரை தீர்ந்துவிட்டது. வாங்கிவரச் சொல்ல வேண்டும்.

மே 11, சனி

முன்கூட்டிச் சொல்லாமல் ஒரு பெண் வந்தாள். நாற்பது வயதிருக்கும். டிராக் பேன்ட், தொப்பி. பெயர் பூங்கொடி. பெருந்துறைப் பக்கம் ஒரு கல்லூரியில் வாலிபால் பயிற்சியாளர். சென்னைத் தேர்வைப் பார்க்க அவளும் போயிருந்தாளாம். அங்கே ஜெனிட்டாவைப் பார்த்து விசாரித்துக்கொண்டு எங்கள் கல்லுக்குழிவரை பஸ்ஸில் வந்திருக்கிறாள்.

நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, காபியை ஒரே மூச்சில் குடித்துவிட்டு விஷயத்துக்கு வந்தாள்.

"உங்க புள்ள கை எனக்கு வேணுமுங்க. செட்டருக்குன்னு நான் ரெண்டு வருசமாத் தேடுறேன். மொத வருசத்துலயே எறக்கிருவேன். ஃபீஸ் இல்ல, ஹாஸ்டலுக்கும் காசு இல்ல, சோத்துக்குக் கொறையில்ல."

ஆங்கில இலக்கியம் உண்டா என்று கேட்டேன். "இருக்குதுங்கம்மா, புள்ளைங்கதான் கம்மி" என்றாள். கல்லூரி எத்தனை வருடப் பழமையானது என்று கேட்டேன். அவள் பயிற்சியாளராகச் சேர்ந்த வருடம்தான் அதுவும் தொடங்கியதாம். முதலில் ஒரு பழைய நூற்பாலைக் கட்டடத்தில் இருந்தார்களாம். அதை அவள் வெட்கப்படாமல் சொன்னாள். யோசித்துச் சொல்கிறோம் என்றேன். லூர்துராஜ் என் முகத்தைப் பார்த்துவிட்டு அதையே சொன்னான்.

ஜெனிட்டா அவளை பஸ் நிறுத்தம்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு வந்தாள். போய்வர இவ்வளவு நேரம் ஆகாது. வந்தபின் அடுக்களையில் அவள் அம்மாவிடம் கையை உயர்த்தி உயர்த்தி ஏதோ விளக்கிக்கொண்டிருந்தாள். நான் உள்ளே போனதும் நிறுத்திவிட்டாள். செட்டர் என்றால் என்ன என்று கேட்டேன். மற்றவர்கள் அடிப்பதற்கு வாகாகப் பந்தை வைத்துக் கொடுப்பவளாம். இந்த வீட்டில் ரெஜினாவும் நாள் முழுவதும் அதைத்தான் செய்கிறாள். அவளைத் தேடி யாரும் பஸ்ஸில் வரவில்லை.

மே 16, வியாழன்

நல்ல செய்தி. பன்னிரண்டு மணிக்குச் சென்னைக் கல்லூரியிலிருந்து அழைப்பு. லூர்துராஜுக்கு இன்று வார ஓய்வு, வீட்டில் இருந்தான். எடுத்தவன், அங்கிருந்து பேசிய பெண் ஆங்கிலத்தில் ஆரம்பித்ததும் போனை என்னிடம் நீட்டிவிட்டான். வேகமாகப் பேசினாள். பின்னால் ஒரே சத்தம். ஜெனிட்டாவின் பெயர் "இன் ரிசர்வ்" என்றாள். நீங்கள் சொல்ல வருவது "ரிசர்வ்ட்" என்பதுதானே என்று கேட்டேன். "யெஸ் மேடம், ரிசர்வ்" என்றாள். மறுபடியும் தப்பாக. பிறகு கூப்பிடுவோம் என்று சொல்லி வைத்துவிட்டாள். அப்படிப்பட்ட கல்லூரியின் அலுவலகத்திலேயே இந்த ஆங்கிலம். எங்கள் பள்ளி மதர் இருந்திருந்தால் அவளை நூறு முறை எழுத வைத்திருப்பார்.

லூர்துராஜ் கேட்டான்: "ரிசர்வ்னா கன்பார்ம்தானேக்கா?"

இருபத்தெட்டு வருடம் ஜங்ஷனில் ரிசர்வேஷன் கவுண்டரில் உட்கார்ந்திருப்பவன் என்னிடம் கேட்கிறான். அவளுக்கென்று இடத்தை எடுத்து வைத்துவிட்டார்கள் என்று விளக்கினேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டையை மாட்டிக்கொண்டு போய் அரைக் கிலோ ஜாங்கிரி வாங்கி வந்தான். எதிர்வீட்டுக்கும் மாதா கோயிலில் மணியடிக்கும் கோயில்பிள்ளைக்கும் கொடுத்தாயிற்று.

ஜெனிட்டா மைதானத்திலிருந்து வந்ததும் அவள் வாயில் அப்பனே ஊட்டப் போனான். செய்தியைக் கேட்டுவிட்டு அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு என்னிடம், "அத்தை, டீம்ல ரிசர்வ்னா என்னான்னா..." என்று ஆரம்பித்தாள். நான் ஐரிஷ் கன்னியாஸ்திரிகளிடம் பதினோரு வருடம் படித்தவள், எனக்கு நீ ஆங்கிலம் சொல்லித்தர வேண்டாம் என்றேன். வேடிக்கையாகத்தான் சொன்னேன். சரி அத்தை என்றாள். ஜாங்கிரியில் பாதியைத் தின்றுவிட்டு மீதியை மூடிவைத்தாள். சந்தோஷத்தில் சிலருக்குப் பசி போய்விடும்.

மே 17, வெள்ளி

பெருந்துறைக்காரிக்கு வேண்டாம் என்று சொல்லச் சொன்னேன். லூர்துராஜ் தயங்கினான். பாவம், பஸ்ஸில் வந்த பொம்பளை, இன்னும் ரெண்டு வாரம் பார்ப்போமே என்றான். இரண்டு இடத்தில் கால் வைத்துக்கொண்டு நிற்பது கண்ணியமான குடும்பத்துக்கு அழகல்ல. என்ன சொல்ல வேண்டும் என்பதையும் நான்தான் சொல்லிக் கொடுத்தேன். எங்கள் தரத்துக்கு ஏற்ற இடம் கிடைத்துவிட்டது, உங்கள் கல்லூரி அதற்குப் பொருந்தாது என்று. அவன் "தரம்" என்கிற இடத்தை மென்று விழுங்கிவிட்டான். நான் பக்கத்தில் நின்றதால் மறுபடி தெளிவாகச் சொன்னான்.

ஜெனிட்டா வராந்தாவில் ஷூவுக்கு லேஸ் கட்டிக்கொண்டிருந்தாள். கட்டி முடித்துவிட்டும் எழுந்திருக்கவில்லை.

மே 20, திங்கள்

தண்ணீர் லாரி வரவில்லை. முழங்கால் வலி.

மே 23, வியாழன்

ஜெனிட்டா தன் அம்மாவின் போனை எடுத்துக்கொண்டு மொட்டைமாடிக்குப் போய்ப் பேசுகிறாள். இந்த வாரத்தில் இரண்டாவது தடவை. தாழ்ந்த குரலில் பேசுகிறாள், சிரிப்பதும் கேட்கிறது. பதினேழு வயது. ரெஜினாவிடம் கவனித்துக்கொள் என்றேன். "அதெல்லாம் ஒண்ணுமில்ல அண்ணி, ஃப்ரெண்டு" என்று துணி மடிப்பதிலேயே கண்ணாக இருந்தாள். சென்னையில் விடுதியில் சிஸ்டர்கள் இருப்பார்கள். அதுதான் நிம்மதி.

மே 29, புதன்

கல்லூரியிலிருந்து இன்னும் கூப்பிடவில்லை. பெரிய இடங்களில் எதையும் அவசரமாகச் செய்வதில்லை. லூர்துராஜ் தினமும் கவுண்டரிலிருந்து வந்து செருப்பைக் கழற்றுவதற்கு முன் போன் வந்ததா என்று கேட்கிறான். அவன் சக ஊழியர்கள் எல்லோருக்கும் சொல்லிவிட்டானாம். ஒருவர் பார்ட்டி கேட்டு பஜ்ஜியும் வாங்க வைத்துவிட்டாராம்.

ஜெனிட்டாவோடு மேலப்புதூர் போய் வாளி, குவளை, இரண்டு படுக்கை விரிப்பு வாங்கினோம். எல்லாவற்றுக்கும் "எதுவானாலும் சரி அத்தை" என்றாள். நீல விரிப்பை நான் எடுத்தேன். வெள்ளை என்றால் அழுக்காகிவிடும். வெயில் தாங்கவில்லை. எலுமிச்சை சர்பத் குடித்தோம். அவள் என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு வந்தாள். அந்தப் பெண்ணிடம் குறை சொல்ல முடியாது. பேசமாட்டாள், அவ்வளவுதான்.

ஜூன் 2, ஞாயிறு

பூசைக்குப் போகவில்லை. தலைச்சுற்றல். வயதாகிறது என்று லூர்துராஜ் சொன்னான். அவனுக்குத்தான்.

ஜூன் 5, புதன்

இன்று மதியம் லூர்துராஜ் அரை நாள் லீவு போட்டுவிட்டு வந்தான். பெட்டி படுக்கையோடு எந்தத் தேதியில் வர வேண்டும் என்று கேட்க, அவனாகவே அந்தக் கல்லூரிக்குப் போன் செய்திருக்கிறான். தமிழிலேயே பேசியிருக்கிறான். வராந்தாப் படியிலேயே உட்கார்ந்துவிட்டான். உள்ளே வா என்றேன். வரவில்லை.

"அக்கா, ரிசர்வ்னா வெயிட்டிங் லிஸ்ட்டாம்."

முழுதாகச் சொல் என்றேன்.

"டீமுக்கு எடுத்தவங்க வேற. யாராச்சும் வரலைன்னாதான் இவளாம். எல்லாரும் வந்து சேந்துட்டாங்களாம். நான் இருபத்தெட்டு வருசமா சனங்ககிட்ட சொல்றத அந்தப் பொண்ணு என்கிட்டயே சொல்லுதுக்கா. 'சான்ஸ் கம்மி சார், பாருங்க'ன்னு."

இதைச் சொல்லும்போது அவன் சிரித்தான். அவன் அப்படிச் சிரிக்காமல் இருந்திருக்கலாம்.

அந்தப் பெண் ஒழுங்கான ஆங்கிலத்தில் முழு வாக்கியமாகச் சொல்லியிருந்தால் இந்தக் குழப்பம் வந்திருக்காது. தெளிவாகப் பேசுவது ஒரு கடமை என்று இப்போது யாருக்கும் தெரிவதில்லை. பள்ளியில் பரிசாக வாங்கிய அகராதியை எடுத்துப் பார்த்தேன். அந்தப் பொருளும் இருக்கிறது. மிகவும் கீழே இருக்கிறது.

ஜூன் 6, வியாழன்

லூர்துராஜ் சாப்பிடாமல் வேலைக்குப் போனான். நீல விரிப்பு பிரிக்கப்படாமல் பீரோ மேல் இருக்கிறது.

ரெஜினா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். பேச்சுவாக்கில், அந்தக் கல்லூரிக்காரர்கள் ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். அவள் நிமிரவில்லை.

"அவ ஆறாப்புலேர்ந்து ரிசர்வ்ல உக்காந்து உக்காந்துதான் அண்ணி டீமுக்குள்ள போனா. ரிசர்வ்னா என்னான்னு அவளுக்குத் தெரியாதா?"

இந்த வீட்டுக்கு வந்து இருபது வருடத்தில் ரெஜினா என்னிடம் இப்படிப் பேசியதில்லை. கீரையில் தண்டு அதிகமாக விட்டிருந்தாள். நான் சொல்லவில்லை.

சாயங்காலம் ஜெனிட்டா முகம் கழுவிக்கொண்டு வந்தபோது கேட்டேன். தெரிந்தும் ஏன் சொல்லவில்லை? என் குரல் எப்போதும்போல்தான் இருந்தது. அவள் துண்டால் முகத்தை நீண்ட நேரம் துடைத்தாள்.

"சொல்ல வந்தேன் அத்தை. நீங்க கான்வென்ட்டுன்னீங்க."

"அதற்கு?"

"அப்பா ஜாங்கிரி வேற வாங்கிட்டு வந்துட்டாரு. நீங்க எல்லார் வீட்டுக்கும் குடுத்தீங்க. நான் உங்கள அப்படிப் பாத்ததே இல்ல. அதுக்கப்புறம் எப்படிச் சொல்றது?"

அவள் குற்றம் சாட்டவில்லை. விளக்குப் போடச் சொன்னேன். போட்டாள்.

ஜூன் 7, வெள்ளி

முதல் வெள்ளி. பூசைக்குப் போனேன். பிரசங்கத்தில் ஒரு வார்த்தையும் காதில் விழவில்லை.

திரும்பி வந்து லூர்துராஜிடம் பெருந்துறைக்குப் பேசு என்றேன். அந்தம்மாவிடம் எந்த மூஞ்சியை வைத்துக்கொண்டு பேசுவது என்றான். அவன் சொன்னது சரி. அந்த வார்த்தைகள் அவனுடையவை அல்ல. எண்ணைக் கொடு என்று வாங்கி நானே அழைத்தேன். எல்லோரும் இருக்கும் கூடத்தில் வேண்டாம் என்று கிணற்றடிக்குப் போய்விட்டேன்.

ஜெனிட்டாவின் அத்தை பேசுகிறேன் என்றதும், "சொல்லுங்கம்மா" என்றாள். பின்னால் விசில் சத்தம், பெண்களின் கூச்சல். நான் சொல்ல வேண்டியதைச் சொன்னேன். என்ன சொன்னேன் என்று எழுத வேண்டியதில்லை. சொன்னது எனக்கு நினைவிருக்கிறது, அவளுக்கும் இருக்கும். பிறகு சிரித்தாள். கேலியாக இல்லை.

"நீங்க வேண்டாம்னு சொன்ன மறுநாளே உங்க புள்ள எனக்குக் கூப்ட்டுருச்சுங்கம்மா. 'எங்க வீட்ல தப்பாப் புரிஞ்சுக்கிட்டாங்க மிஸ். அத்தை தானாக் கண்டுபுடிக்க கொஞ்ச நாளாகும். அதுவரைக்கும் என் எடத்த யாருக்கும் குடுத்துராதீங்க'ன்னுச்சு. அப்பறமும் ரெண்டு தடவ கூப்ட்டுச்சு. பத்தாந்தேதி காலேஜ் தொறக்குது கண்ணு, அதுக்கு மேல என் கையில இல்லைன்னு சொல்லிட்டேன்."

மொட்டைமாடி.

தேங்க் யூ என்றேன். "வெயில்ல நிக்காதீங்கம்மா, உள்ள போங்க" என்றாள். நான் வெயிலில் நிற்பது அவளுக்கு எப்படித் தெரிந்ததோ.

இரவுச் சாப்பாட்டின்போது லூர்துராஜ் புதிதாக ஆரம்பித்தான். வெயிட்டிங் லிஸ்ட் என்றால் வராது என்று அர்த்தமில்லை, சார்ட் போடும் நேரத்தில்கூட கிளியர் ஆகும், எத்தனையோ பேருக்கு ஆகியிருக்கிறது, அவனே பார்த்திருக்கிறான். ஜூலைவரை பொறுத்துப் பார்ப்போம் என்றான். என்னைப் பார்த்துத்தான் பேசினான். எனக்குப் பிடிக்கும் என்று நினைத்து அதைச் சொல்கிறான். சின்ன வயதிலிருந்தே அப்படித்தான். எனக்குப் பிடிக்குமோ என்று பார்த்து வாயைத் திறப்பான். ஐம்பத்திரண்டு வயதாகிவிட்டது.

ஜெனிட்டா தட்டைத் தள்ளி வைத்தாள்.

"கிளியர் ஆனாலும் நான் போகலப்பா. மூணு வருசம் அங்க துண்டு எடுத்துக் குடுத்துக்கிட்டு உக்கார முடியாது. நான் ஆடணும்."

"அந்தக் காலேஜ் பேருக்கே..." என்று அவன் ஆரம்பித்து மறுபடி என்னைப் பார்த்தான். ரெஜினாவும் பார்த்தாள். கரண்டி அவள் கையிலேயே இருந்தது.

திங்கட்கிழமை பெருந்துறைக்கு டிக்கெட் போடு என்றேன். கிடைக்காது என்றான். அப்படியானால் பஸ்ஸில் போவோம், அந்தப் பெண் வரவில்லையா என்றேன்.

ஜெனிட்டா ரசம் கேட்டாள். ரெஜினா ஊற்றிக்கொண்டே இருந்ததில் தட்டு நிரம்பி வழிந்துவிட்டது.

அந்தச் சென்னைக் கல்லூரி வாசலை இனி நான் பார்க்கப்போவதில்லை. படுக்கப்போகும் முன் இதை எழுதுகிறேன். கண் எரிகிறது.

ஜூன் 10, திங்கள்

காலை ஐந்தரைக்குப் பஸ். கரூர்வரை நின்றுகொண்டு வந்தான் லூர்துராஜ். எனக்கு ஜன்னலோரம் கிடைத்தது. நான் எதற்கு, முழங்கால் வலியோடு, என்று அவர்கள் கேட்டார்கள். வருகிறேன் என்றேன்.

கல்லூரி எதிர்பார்த்ததைவிட மோசமில்லை. எதிர்பார்த்ததைவிட நன்றாகவும் இல்லை. மரம் வைத்திருக்கிறார்கள், இன்னும் இடுப்பளவுதான் வளர்ந்திருக்கிறது. பி.ஏ. ஆங்கிலத்தில் சேர்த்தோம். நான் சொல்லவில்லை, அவளே கேட்டாள். விடுதி அறையில் ரெஜினா நீல விரிப்பை விரித்துப்போட்டாள்.

பூங்கொடி மிஸ் என்னைப் பார்த்துக் கும்பிட்டாள். பழையதை ஒரு சொல்லிலும் எடுக்கவில்லை. மோர் கொடுத்தாள். பிறகு ஜெனிட்டாவிடம், "என்ன கண்ணு, பயணக் களைப்பா? ரெண்டு செட் போடலாமா?" என்றாள். எங்களிடம் போய்வருகிறேன் என்று சொல்லக்கூட இல்லாமல் அந்தப் பெண் ஷூவைத் தேடி ஓடினாள்.

மைதானத்தின் ஓரத்தில் சிமென்ட் படி. அங்கே உட்கார்ந்தேன். லூர்துராஜ் நின்றான். ஆறு வருடமாக அவன்தான் அவளை எல்லா ஆட்டத்துக்கும் கூட்டிப் போயிருக்கிறான். நான் ஒன்றுக்கும் போனதில்லை. அரைக்கால் சட்டை, கூச்சல், மண். எனக்கு ஏற்ற இடம் இல்லை என்றிருந்துவிட்டேன்.

இரண்டு பக்கமும் உயரமான பெண்கள். மூன்றாம் வருடத்து மாணவிகள் என்றார்கள். ஜெனிட்டா அவர்கள் தோளுக்குத்தான் இருந்தாள். பந்து மேலே போனது. அப்போது ஒரு சத்தம் கேட்டது.

"விடு! எனக்கு! மேரி, பின்னாடி போ... பின்னாடி!"

யார் கத்துகிறார்கள் என்று சுற்றிலும் பார்த்தேன். லூர்துராஜ் என் தோளைத் தொட்டுக் காட்டினான். ஜெனிட்டாதான். அந்த உயரமான மேரி மறுபேச்சில்லாமல் பின்னால் போனாள். பந்து ஜெனிட்டாவின் விரல்களுக்கு வந்து, நின்றதுபோல் இருந்து, வேறு பக்கம் போயிற்று. அடி விழுந்தது. அடுத்த பந்துக்கு மறுபடியும் அதே குரல். அதட்டுகிறாள், திட்டுகிறாள், ஒருத்தியை "தூங்குறியாடீ" என்கிறாள். அந்தப் பெண் சிரித்துக்கொண்டே ஓடுகிறாள்.

"எப்பவும் இப்படித்தான் கத்துவாளா?" என்று கேட்டேன்.

"கிரவுண்டுல இப்படித்தான்க்கா. செட்டர் வாயத் தொறக்கலைன்னா டீமே நின்னுரும்."

அந்தக் குரலை நான் எங்கள் வீட்டில் ஒருநாளும் கேட்டதில்லை. பதினேழு வருடம் ஒரே கூரையின் கீழ் இருந்திருக்கிறோம்.

வெயில் ஏறிவிட்டது. லூர்துராஜ் கைக்கடிகாரத்தைப் பார்த்தான். ஒரு மணிப் பஸ்ஸை விட்டால் அடுத்தது எப்போதென்று தெரியாது, உனக்குக் கால் வேறு வலிக்கும், கிளம்பலாமா அக்கா என்றான்.

உட்காரு என்றேன். என் பக்கத்தில் உட்கார்ந்தான். ரெஜினாவும் வந்து உட்கார்ந்தாள்.